மாறும் சரமும் மாறாச் சரமும்

திருவான்மியூரில் மருந்தீசுவரர் திருக்கோயில் உளது. அவ்வூரை அடுத்த தரமணியில் 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. அங்கே கணினி நிரல் எழுதுவோர் பலர் பணியாற்றுகின்றனர். கோயிற் கல்வெட்டில் பொறித்த எழுத்து அவ்வாறே நிற்கும். சிலேட்டுப் பலகையில் எழுதியதை அழித்துத் திருத்தலாம். இவ்விரு வகையும் நிரலிலும் உண்டு.

எழுத்துகள் வரிசையாய் நிற்கும் தொடர் சரம் எனப்படும். ‘திருவான்மியூர்’ என்னும் சரத்தில் எழுத்து 7. ஒவ்வோர் எழுத்தும் அடிக்குறி ஒன்றும் துணைக்குறி ஒன்றுமாய் அமைதலின், ஒருங்குறியில் அதற்கு 14 குறிகள் வேண்டும்.

பைத்தான், ஜாவா ஆகிய மொழிகளில் சரம் மாறாதது. ஓர் எழுத்தை மாற்றுமாறு பணித்தால் பழைய சரம் திருந்தாது. புதிய சரம் ஒன்று பிறக்கும். அதனை ஒரு பெயரில் ஏற்காவிடின் செய்த வினை வீணாகும். சி மொழியிலோ, அணியில் வைத்த சரத்தை இருந்த இடத்திலேயே திருத்தலாம்.

மாறாமையால் வரும் பயன் யாது? இவ்வூர்ப் பெயரைப் பயணச்சீட்டு நிரலும் கால அட்டவணை நிரலும் பகிர்ந்து கொள்கின்றன என்க. சீட்டில் இடம் போதாதென்று ஒருவர் பெயரைச் சுருக்குகிறார். மாறும் சரமாயின் அட்டவணையிலும் பெயர் சிதையும். அதனை எழுதியவர் காரணம் அறியாது திகைப்பார். மாறாச் சரத்திற்கு இவ்விடர் இல்லை.

குறையும் ஒன்று உண்டு. 1000 எழுத்துகளை ஒவ்வொன்றாய் ஒட்டுங்கால், ஒவ்வொரு முறையும் சரம் முழுவதும் புதிதாய் எழுதப்படின், 5,00,500 எழுத்துகள் எழுதப்படும். ஆதலின் ஜாவாவில் ‘ஸ்டிரிங்பில்டர்’ என்னும் மாறும் கலத்தில் அவற்றைச் சேர்த்து, முடிவில் சரமாக்குவர். பைத்தானில் பட்டியலில் தொகுத்துப் பின் ஒருமுறை இணைப்பர்.