செவலையின் இடது கால்



"கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?" என்று பழமொழி சொல்வார்கள். கோழியே முடமாகிவிட்டால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அதில் நான் செய்த தவறையும், கற்றுக்கொண்டதையும் இந்த முறை நம் சுவர் இதழில் எழுதுகிறேன்.

பம்மலில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஐந்து நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. இப்படி வீட்டோடு வளர்ப்பதைப் புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பார்கள். ஐந்தில் செவலைதான் கெட்டிக்காரி. மதில் மேல் ஏறி நின்று தெருவையே வேடிக்கை பார்ப்பாள். அரையாண்டுத் தேர்வு லீவு விட்ட அன்று காலையில் பார்த்தால், ஒற்றைக் காலில் நிற்கிறாள். இடது காலைத் தரையில் வைக்கவே இல்லை. நொய் போட்டதும் மற்றவை ஓடி வந்தன. இவள் நொண்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது.

தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் உருண்டையாக வீங்கி, நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. தொட்டால் சூடாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டியை இரண்டு விரலால் அழுத்திப் பிதுக்கினேன். சீழ் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. மஞ்சளை அப்பி, கிழிந்த துணியால் இறுக்கிக் கட்டினேன். மறுநாள் விரல்களும் வீங்கிவிட்டன.

ஆயா பார்த்துவிட்டு, "பத்து நாளா முட்டையும் வுடல, இப்ப நடக்கவும் முடியல. இப்படி நோவறத வுட ஞாயித்துக்கிழம அறுத்துடலாம்டி" என்றார். ஆயா மேல் கோபமாக வந்தது. ஆனால் யோசித்தால், அவர் சொன்னதிலும் இரக்கம் இருந்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள டாக்டர்கிட்ட காட்டிடறேன் ஆயா" என்று கெஞ்சினேன். அன்று வியாழக்கிழமை.

டாக்டர் சொன்னது

மறுநாள் அப்பாவும் நானும் செவலையைக் கட்டைப்பையில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி ஷேர் ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். பக்கத்தில் இருந்த அம்மா, "டிக்கெட் உண்டா இதுக்கு?" என்று சிரித்தார்.

டாக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். இதற்கு ஆங்கிலத்தில் 'பம்பிள்ஃபுட்' என்று பெயர். உள்ளங்காலில் சின்னக் கீறலோ, அடியோ பட்டால் அதன் வழியாகக் கிருமி உள்ளே போய்க் கட்டியாகிறது. பெரும்பாலும் அந்தக் கிருமி 'ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்'. நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும்கூட இருப்பதுதான் இது. இந்த வகைக் கிருமிகளை 1880-இல் மனிதர்களின் கட்டிச் சீழில் கண்டு சொன்னவர் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் கொத்து மாதிரி தெரிந்ததால் கிரேக்கச் சொல்லில் இந்தப் பெயர் வந்தது.

நான் பிதுக்கியும் சீழ் ஏன் வரவில்லை? நம் சீழ் தண்ணீர் போல இருக்கும். பறவைகளின் ரத்த வெள்ளணுக்களில் சீழைக் கரைக்கும் சில பொருட்கள் இல்லை. அதனால் அது கெட்டியாக, அவித்த மஞ்சள் கரு மாதிரி உள்ளேயே தங்கிவிடும். பிதுக்கினால் கிருமி இன்னும் ஆழமாகப் போகும். எலும்பு வரை போய்விட்டால் காப்பாற்றுவது கஷ்டம். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "பரவாயில்ல பாப்பா, எலும்புக்குப் போகல" என்றார் டாக்டர். பிறகு மரத்துப்போக மருந்து போட்டு, பொருக்கை எடுத்து, உள்ளே இருந்த கெட்டியை வெளியே எடுத்தார். பட்டாணி அளவு இருந்தது.

வீட்டில் நான் செய்தவை

1. தனியாக வைத்தேன். பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அடியில் காய்ந்த வைக்கோல் மெத்தென்று பரப்பினேன். மற்ற கோழிகள் பார்க்கும் இடத்திலேயே வைத்தேன். கோழிகளுக்குள் யார் பெரியவள், யார் சின்னவள் என்ற வரிசை உண்டு. நார்வே நாட்டு ஷெல்டருப்-எப்பே என்பவர் கோழிகளைக் கவனித்து 1920-களின் தொடக்கத்தில் இதை எழுதினார். பல நாள் கண்ணில் படாமல் போனால், திரும்பி வரும்போது மற்றவை கொத்தும்.

2. தினமும் கால் ஊறவைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்பு போட்டுப் பத்து நிமிடம். தண்ணீரை முதலில் என் முழங்கையில் தொட்டுப் பார்ப்பேன். பிறகு சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைப்பேன்.

3. போவிடோன் அயோடின் தடவி, காஸ் துணி வைத்துக் கட்டினேன். இறுக்கமே கூடாது. கட்டிய பிறகு விரல்கள் வீங்கினாலோ, சில்லென்று ஆனாலோ உடனே அவிழ்க்க வேண்டும்.

4. டாக்டர் கொடுத்த மருந்தை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுத்தேன். நமக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது. மருந்து கறியிலும் முட்டையிலும் தங்கும். எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று டாக்டரிடமே கேட்க வேண்டும்.

5. தீவனமும் தண்ணீரும் அலகுக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். நொய்யோடு கம்பும் முருங்கைக்கீரையும் போட்டேன். வைட்டமின் ஏ குறைந்தால் பாதத் தோல் கெட்டுப்போகும். கீரையில் அந்தச் சத்து இருக்கிறது.

6. ஒவ்வொரு முறையும் கையுறை போட்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அந்தக் கிருமி நமக்கும் புண் உண்டாக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மருந்து கொடுத்திருப்பதால் அறுத்தாலும் சாப்பிட முடியாது என்று ஆயாவிடம் சொன்னேன். "நல்லா படிக்கிறடி நீ" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டார்.

மறுபடியும் நொண்டினாள்

பன்னிரண்டாம் நாள் புண் ஆறியது போல இருந்தது. சந்தோஷமாகத் திறந்துவிட்டேன். இரண்டே நாளில் மறுபடி நொண்டல்! என்ன தப்பு செய்தேன் என்று புரியவில்லை. திரும்ப டாக்டரிடம் போனோம். அவர் காலைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "புண்ணுக்கு மருந்து போட்ட சரி, புண்ணு எதனால வந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். செவலை மதில் மேல் ஏறினாள். தாண்டிக் குதித்தாள். குதித்த இடத்தில் மாடி கட்டுவதற்காகக் கொட்டிய கருங்கல் ஜல்லி! என் உயரத்துக்கும் மேலான மதிலிலிருந்து, உடம்பின் கனம் முழுவதும் அந்த ஜல்லியின் மேல் இறங்குகிறது. நம் பகுதிக் கல்லைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல்லாவரம் மலைக் கல்லுக்கு 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். அவ்வளவு கெட்டியான கல். உடைத்தால் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும்.

அன்று ராத்திரியே அப்பாவும் அண்ணனும் நானும் ஜல்லியைக் கூடை கூடையாக அள்ளி முன்பக்கம் போட்டோம். அந்த இடத்தில் மணல் பரப்பினோம். கூண்டில் மேலே இருந்த கம்பை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, உருட்டாக இழைத்துக் கட்டினார் அப்பா. ஈரமான தரையில் தோல் ஊறிச் சீக்கிரம் கிழியும் என்பதால் கூண்டுத் தரையில் உமி போட்டு, நனைந்தால் மாற்றுகிறோம். பிறகு முதலிலிருந்து அதே வைத்தியம்.

இந்த முறை செவலை நொண்டவில்லை. பொங்கல் கழிந்து சில நாளில் இரண்டு காலையும் ஊன்றி மண்ணைக் கிளறினாள். அந்த இடது பாதம் இன்றும் கொஞ்சம் தடித்துத்தான் இருக்கிறது. நான் பிதுக்காமல் முதல் நாளே காட்டியிருந்தால் அதுவும் இருந்திருக்காதோ என்று நினைத்துக்கொள்வேன்.

நண்பர்களே, நினைவில் வையுங்கள்

கோழி வலியை வெளியே காட்டாது. பலவீனமானதைப் பிற விலங்கு பிடிக்கும் என்பதால் மறைத்துக்கொள்ளும். நொண்டுவது நமக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். அதனால் வாரம் ஒரு முறை எல்லாக் கோழிகளின் பாதத்தையும் திருப்பிப் பாருங்கள். இருட்டியதும் கூண்டில் அமைதியாக இருக்கும்போது பார்ப்பது சுலபம். வீக்கமோ கறுப்புப் பொருக்கோ இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். நம் ஊரிலிருந்து பெரிய சிகிச்சைக்குப் போகவேண்டுமானால் வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

முக்கியமாக, புண்ணுக்கு மட்டும் மருந்து போட்டு நிறுத்திவிடாதீர்கள். புண்ணை உண்டாக்கிய கல்லைத் தேடி எடுங்கள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு நான் கூண்டுக்குப் போகும்போது ஆயாவும் கூடவே வருகிறார். "அந்தக் கறுப்பியோட காலையும் நல்லா பாருடி" என்கிறார்.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி