கட்டளைக்குக் கட்டுப்படும் இன்டர்காம்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பழைய இன்டர்காம் ஒயர்கள் வீணாகிவிட்டன. நெட்வொர்க் கேபிளிலேயே இன்டர்காம் போட்டு, கம்ப்யூட்டரில் கட்டளை தட்டி இயக்கலாமாமே, உண்மையா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: உண்மைதான். மார்க் ஸ்பென்சர் 1999-இல் உருவாக்கிய ‘ஆஸ்டரிஸ்க்’ என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரிலோ ராஸ்பெர்ரி பையிலோகூட ஓடும். வீட்டுக்கு ஓர் ஐ.பி. போன் வேண்டும். பி.ஓ.இ. ஸ்விட்ச் வாங்கினால், அதற்கேற்ற போன்களுக்குக் கரண்டும் அதே கேபிளில் போய்விடும்.

அமைப்பின் அடிப்படை இரண்டே கோப்புகள். ‘பிஜேசிப்’ கோப்பில் ஒவ்வொரு போனுக்கும் எண்ணும் பாஸ்வேர்டும். ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ கோப்பில், எந்த எண்ணை அழுத்தினால் எங்கே மணி அடிக்க வேண்டும் என்ற விதி. அதிலேயே ‘பேஜ்’ வசதியைச் சேர்த்து, போன்கள் தாமாக எடுக்கும்படி வைத்தால், வாட்ச்மேன் ஒரே எண்ணில் எல்லா வீட்டுக்கும் அறிவிப்புச் செய்யலாம்.

இனிக் கட்டளைகள். ‘பிஜேசிப் ஷோ எண்ட்பாயிண்ட்ஸ்’ என்று தட்டினால் எந்தப் போன் இணைப்பில் இருக்கிறது, எது இல்லை என்று தெரியும். விதியை மாற்றினால் ‘டயல்பிளான் ரீலோட்’. பேசிக்கொண்டிருப்பவர்களின் அழைப்பு அறுந்துபோகாது. ‘சேனல் ஒரிஜினேட்’ கொடுத்தால் கம்ப்யூட்டரே ஒரு போனை அழைக்கும். லினக்ஸின் ‘கிரான்’ வசதியோடு இணைத்துவிட்டால், தினமும் தண்ணீர் திறக்கும் நேரத்தை அதுவே அறிவிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள்: அழைப்புகளுக்கான 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைக்காதீர்கள், திருட்டு அழைப்புக்காரர்கள் தேடி வருவார்கள். சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் யு.பி.எஸ். கட்டாயம்.