கடற்காற்றும் பியானோவும்

மும்பையின் கிழக்குப் புறநகரான தேவ்நார், தாணே கழிமுகத்தையும் அதனையடுத்த அலையாத்திச் சதுப்பு நிலங்களையும் ஒட்டி அமைந்தது. இங்குத் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 11-ஆம் நாளை ஒட்டித் தொடங்கி, அக்டோபர் 8-ஆம் நாளளவில் விலகுகின்றது. மழை மாதங்களில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 85 சதவீதத்தை எளிதில் எட்டும். ஜனவரி, பிப்ரவரி மாதப் பிற்பகல்களில் நிலக்காற்று வீசுங்கால் அது 50 சதவீதத்திற்கும் கீழே இறங்குவதுண்டு. இத்தகைய இடத்தில் பள்ளியிலோ இல்லத்திலோ உள்ள ஒரு பியானோவுக்கு ஈரத்தைக் காட்டிலும் ஈரத்தின் ஏற்றத்தாழ்வே பெருங்கேடு விளைக்கின்றது.

பியானோவின் உயிர் அதன் ஒலிப்பலகை. ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தினாலாகிய இப்பலகை ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் கனமே உடையது. நடுவில் சற்றே மேடிட்டிருக்கும். இருநூற்றுக்கு மேற்பட்ட எஃகுத் தந்திகளின் அதிர்வு, வீணையில் உள்ளது போன்றே, குதிரையின் வழியாக இப்பலகையை அடைகின்றது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாயின் மரம் தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 9 சதவீத நீரைக் கொண்டிருக்கும். 80 சதவீதமாயின் 16 சதவீதம் வரை ஏற்கும். அவ்வாறு நீரை ஏற்ற மரம் நாருக்குக் குறுக்காகப் பருக்கின்றது. பலகையின் மேடு உயர, குதிரை தந்திகளை மேலே தள்ள, சுருதி ஏறிவிடுகின்றது. எல்லாத் தந்திகளும் ஒரே அளவில் ஏறினால் தனித்து வாசிப்பவருக்குத் துன்பமில்லை. நடுத்தாயித் தந்திகள் மிகுதியாக ஏறுவதால் கருவி தன்னோடு தானே மாறுபட்டு ஒலிக்கின்றது. மிருதங்கத்தின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அதன் தோல் ஈரத்தால் தளர்ந்து சுருதி இறங்கும். செம்பூர்க் கச்சேரி மேடைகளில் மழைக்காலத்தே இதனைக் காணாதார் இலர்.

வறண்ட மாதங்களில் பலகை சுருங்கும்பொழுது பிளவு தோன்றலாம். முறுக்காணிகள் பிடிப்பிழந்து நெகிழலாம். மழையில் விசைக்கட்டைகள் இறுகி, அழுத்தினால் எழாமல் நின்றுவிடும்.

ஈரத்தை அளவிட உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் இரண்டே போதும். உலர்குமிழ் 27 டிகிரி சென்டிகிரேடும் ஈரக்குமிழ் 25 டிகிரியும் காட்டினால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 85 சதவீதம் என அட்டவணை கூறும். மாணவர்களுக்கு இதனைவிடச் சிறந்த செய்முறைப் பாடம் கிடைப்பது அரிது.

அக்காற்றின் பனிநிலை 24 டிகிரிக்குச் சற்று மேலாகும் என்பது இங்கு முக்கியமானது. குளிர்சாதனத்தால் 22 டிகிரிக்குக் குளிர்ந்த அறையின் சன்னல்களைத் திறந்துவிட்டால், குளிர்ந்த தந்திகளின்மீதும் வார்ப்பிரும்புச் சட்டத்தின்மீதும் நீர்த்துளிகள் படியும். துரு பற்றுவது இவ்வாறே. பகலில் சில மணி நேரம் குளிரூட்டி இரவில் நிறுத்திவிடுவது, குளிரூட்டாமலே விடுவதினும் தீது.

இதற்கு மாற்றாக மிதமான வெப்பத்தைப் பயன்படுத்தலாம். 27 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரையும் நீக்காமலே ஒப்பு ஈரப்பதம் 71 சதவீதமாகக் குறைகின்றது. பியானோவினுள் பொருத்தப்படும் குறைந்த மின்திறன் கொண்ட வெப்பத் தண்டுகள் இத்தத்துவத்தில் இயங்குவன. ஈரப்பதத்தை உணர்ந்து தானே இயங்கி நிற்கும் கட்டுப்படுத்தியோடு அவற்றைப் பொருத்துதல் வேண்டும். இல்லையேல் வறண்ட மாதங்களில் பலகை அளவுக்கு மீறிக் காயும். வெறும் மின்விளக்கை உள்ளே தொங்கவிடும் பழைய வழக்கம் தீ விபத்துக்கு இடமளிப்பது.

சிலிகா ஜெல் பொட்டலங்களை நம்புவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 40 கன மீட்டர் அறையின் ஈரப்பதத்தை 27 டிகிரியில் 85-இலிருந்து 50 சதவீதமாக்க ஏறத்தாழ 360 கிராம் நீரை அகற்ற வேண்டும். ஜெல் தன் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கு நீரையே ஏற்குமாதலின், ஒன்றரைக் கிலோ தேவைப்படும். கதவைத் திறந்தவுடன் வெளிக்காற்று புகுந்துவிடும்!

கருவியை மழைச்சாரல் மோதும் மேற்குச் சுவரையொட்டி வைத்தல் ஆகாது. முதல் மழை பெய்தவுடன் சுருதி சேர்ப்பவரை அழைப்பதும் வீண்செலவே. மரம் புதிய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். ஜூலைப் பிற்பகுதியில் ஒருமுறையும், மழை விலகிச் சில வாரங்கள் கழிந்த நவம்பரில் ஒருமுறையும் சேர்ப்பது தேவ்நார் போன்ற இடங்களுக்கு ஏற்றதாகும்.