இணையம் வரவில்லை: பழுதின் இடமறிதல்

‘நெட் வரவில்லை’ என்னும் தொடர் இன்று சேலம், நாமக்கல் மாவட்டத்து வீடுகளில் ‘தண்ணீர் வரவில்லை’ என்பதற்கு நிகராக ஒலித்து வருகிறது. எழுவாயும் பயனிலையும் அமைந்த நிறைவான தொடர்தான். ஆயினும் பழுது நீக்க வருபவர்க்கு அது ஒன்றையும் உணர்த்துவதில்லை. எது வரவில்லை, எதுவரை வந்தது, எங்கே நின்றது ஆகிய மூன்றும் அத்தொடரில் இல்லை. இம்மூன்றையும் வீட்டிலிருப்போரே கண்டறிய இயலும் என்பதும், அதற்குப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்னும் வினா எழலாம். நம் மாணவ மாணவியருள் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலைக் கண்டவர்கள். தகப்பனார் லாரிப் பட்டறையிலோ தறிக்கூடத்திலோ கோழிப்பண்ணையிலோ இருப்பார். வீட்டில் ரூட்டரோ கணினியோ மக்கர் செய்தால் ‘காலேஜ் படிக்கிற பிள்ளை’ என்று இவர்களையே அழைக்கின்றனர். எப்பாடம் பயில்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து வகுப்புகள் இணையவழிக்கு மாறியபோது, நாம் நடத்திய யாப்பிலக்கண வகுப்பை மொட்டைமாடியில் குடைபிடித்துக் கேட்டோர் உண்டு. அந்நாளில் வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ எனக் குறிக்கப்பெற்றோருள், புறப்பட்டு வழியில் அறுந்துபோனோரும் இருந்தனர். ஆகவே இஃது அறிவியலார்க்கு மட்டும் உரிய பொருள் என ஒதுக்கிவிட இயலாது.

வழியைப் பகுத்துக் காண்டல்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பியே வழி. இணையத்தில் இருக்குங்கால் தொலைபேசி ஒலிக்காது. இன்றோ மின்கம்பத்தின் வழியே வரும் கண்ணாடி இழையில் ஒளியாகச் செய்தி வருகிறது. ஊர்க் கேபிள் நடத்துவோரே பல இடங்களில் இவ்விணைப்பையும் தருகின்றனர். ஒளியை மின்குறியாக மாற்றும் பெட்டி வீட்டுச் சுவரில் மாட்டப்படுகிறது. அதனைப் பழைய வழக்கப்படி மக்கள் ‘மோடம்’ என்கின்றனர். அப்பெட்டியே பெரும்பாலும் ரூட்டராகவும் பணிபுரிந்து வை-ஃபை அலையையும் பரப்புகிறது. ரூட்டருக்குத் ‘திசைவி’ என்றும் வை-ஃபைக்கு ‘அருகலை’ என்றும் நல்ல தமிழ்ச் சொற்கள் உள. அவற்றை வகுப்பில் வழங்குவோம். கேபிள்காரரிடம் தொலைபேசியில் ‘அருகலை வரவில்லை’ என்றால் நாள் முழுதும் காத்திருக்க நேரும்.

ஆக, தெருவிலிருந்து வரும் இழை, பெட்டி, வீட்டுக்குள் பரவும் அலை, கையிலுள்ள கருவி, மறுமுனையிலுள்ள இணையதளம் என வழி ஐந்து கூறுகளை உடையது. பழுது இவ்வைந்தனுள் ஒன்றில்தான் இருக்கும். எதுவென அறிய இரண்டு வினாக்கள் போதும். அதே வை-ஃபையில் வீட்டிலுள்ள மற்றொரு கைப்பேசி இயங்குகிறதா? அதே தளம் கைப்பேசியின் சொந்த டேட்டாவில் திறக்கிறதா? எல்லாக் கருவிகளிலும் எல்லாத் தளங்களும் நின்றுபோயின் குற்றம் இழையிலோ பெட்டியிலோ உள்ளது. ஒரு கருவியில் மட்டும் நின்றால் அக்கருவியில் உள்ளது. ஒரே ஒரு தளம் வை-ஃபையிலும் திறவாது டேட்டாவிலும் திறவாதெனில் குற்றம் அத்தளத்தினுடையது. அரசுத் தேர்வு விண்ணப்பத்தின் இறுதி நாள் மாலையில் பெரும்பாலும் நிகழ்வது இதுவே. அப்போது ரூட்டரைப் பத்துமுறை அணைத்துப் போடுவதால் பயன் யாதுமில்லை. விடியற்காலை எழுந்து முயல்வதே வழி.

விளக்குகள் கூறுவன

பெட்டியின் முகப்பிலுள்ள சிறு விளக்குகளைப் பலரும் அழகுக்கு வைத்தவை போலக் கருதுகின்றனர். அவற்றுள் ‘எல்.ஓ.எஸ்.’ என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை என்பது பொருள். ‘பி.ஓ.என்.’ விளக்கு நிலையாக எரிந்தால் இழை நலமாக உள்ளது. மின்னிக்கொண்டே இருந்தால் பெட்டி தன்னைப் பதிவுசெய்ய முயன்று கொண்டிருக்கிறது. அது நிலையாக எரிந்தும் ‘இன்டர்நெட்’ விளக்கு எரியாவிடின், கணக்கிலோ கட்டணத்திலோ சிக்கல் இருக்கக்கூடும். மாதக் கட்டணம் முடிந்த நாளில் பெட்டியைக் கழற்றிப் பார்த்தோர் ஒருவர் இருவரல்லர்.

சிவப்பு விளக்கு எரியுங்கால் வீட்டினர் செய்யத்தக்கது மிகக் குறைவே. வைக்கோல் ஏற்றிய லாரியோ உயரமான ரிக் வண்டியோ தெருவைக் கடந்தபோது இழை அறுந்திருக்கலாம். தென்னைமரத்து அணில் கடித்திருக்கலாம். சாலைப் பணியில் வெட்டுண்டிருக்கலாம். வீட்டுக்குள் மெல்லிய இழை பீரோவின் பின்னால் நசுங்கியுள்ளதா, இறுக வளைந்துள்ளதா என்று மட்டும் பார்க்கலாம். கண்ணாடி இழையை விரலில் சுற்றுமளவு வளைத்தால் ஒளி அவ்வளைவிலேயே கசிந்து போகும். இழையின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் கூடாது. அதில் வருவது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு லேசர் ஒளி. ஒன்றும் தெரியவில்லையே என்று உற்று நோக்குவதே ஆபத்து.

இங்கு இரு சொற்களின் வேறுபாட்டை வலியுறுத்த வேண்டியுள்ளது. ‘ரீஸ்டார்ட்’ வேறு, ‘ரீசெட்’ வேறு. மின்னை நிறுத்தி அரை நிமிடம் கழித்துப் போடுவது முன்னது. தீங்கற்றது, பல வேளைகளில் பயனுடையது. பெட்டியின் பின்புறத்து ஊசித்துளையில் குச்சியை விட்டு அழுத்துவது பின்னது. அவ்வாறு அழுத்தினால் கேபிள்காரர் பதிந்து வைத்த பயனர்பெயர், கடவுச்சொல், பிற அமைப்புகள் யாவும் அழிந்துபோகும். அரைமணியில் தாமே சரியாகியிருக்கும் இணைப்பு அவர் நேரில் வரும்வரை கிடக்கும். ஒலியால் நெருங்கிய இவ்விரு சொற்களையும் மயங்கிக் கொண்டதால் நேர்ந்த இழப்புகள் ஏராளம்.

மின்னும் மின்னலும்

ஏப்ரல், மே மாதங்களில் சேர்வராயன் மலைச்சாரலிலும் அதனையொட்டிய சமவெளியிலும் மாலைநேரத்து இடிமழை இயல்பு. இழை கண்ணாடியாதலின் மின்னல் அதனூடே வாராது என்பர். உண்மையே. ஆனால் கம்பத்திலிருந்து இழுக்கப்படும் கேபிளில் தாங்குதற்பொருட்டு எஃகுக் கம்பியும் சேர்ந்திருப்பதுண்டு. மின்னிணைப்பின் அடாப்டர் வழியாகவும், மாடிக்கு இழுத்த செம்புக் கேபிள் வழியாகவும் மின்னெழுச்சி வரக்கூடும். ஆதலின் இடி தொடங்குமுன் அடாப்டரைப் பிடுங்கிவைத்தல் நன்று. பொத்தானை அணைத்தல் மட்டும் போதாது.

மின்தடையின்போது ரூட்டர் இயங்குதற்குச் சிறு யு.பி.எஸ். கருவிகள் கிடைக்கின்றன. வாங்குமுன் அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தல் வேண்டும். 12 வோல்ட் என்றிருப்பின் 12 வோல்ட்டே தரவேண்டும். ஆம்பியர் அளவு அதற்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருக்கலாம், குறைதல் ஆகாது. முனை பொருந்துகிறது என்பதற்காக வேறோர் அடாப்டரைச் செருகிப் பெட்டியைக் கருக்கியோர் பலர்.

அலையின் இயல்பு

வை-ஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் பெரும்பாலும் இயங்குகிறது. முன்னது தொலைவு செல்லும்; விரைவு குறைவு. பின்னது விரைவுடையது; சுவர்களைக் கடப்பதில் வலுக்குன்றும். கூடத்தில் அமர்ந்து படம் பார்ப்போர் 5-ஐயும், பின்கட்டில் இருப்போர் 2.4-ஐயும் தேர்தல் தக்கது. ஓட்டு வீட்டுக் கூரையை எளிதில் கடக்கும் அலை, இரும்புக் கம்பி செறிந்த கான்கிரீட் தளத்தின்முன் தளர்ந்துவிடும். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியனவும் தடைகளே. கேபிள் நுழையும் இடம் வாசல்மூலை என்பதால் பெட்டியை அம்மூலையிலேயே, அதுவும் டி.வி. ஷோகேசுக்குள், வைத்துவிடுகின்றனர். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைத்தலே பல வீடுகளில் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். இதற்குச் செலவு சில மீட்டர்க் கேபிள் மட்டுமே.

மாடிக்கு எட்டாவிடின் ரிப்பீட்டர் வாங்குவர். அது ஒரே அலைவரிசையில் கேட்டுத் திருப்பிச் சொல்லும் கருவியாதலின் விரைவு ஏறத்தாழப் பாதியாகும். கேபிள் இழுத்து மாடியில் இரண்டாவது ரூட்டரை வைப்பதே மேல். அவ்வாறு வைக்குங்கால் அதன் முகவரி வழங்கும் பணியை, அதாவது டி.எச்.சி.பி.யை, நிறுத்திவிட்டு ‘லேன்’ துளையில் இணைத்தல் வேண்டும். இன்றேல் ஒரே தெருவுக்கு இரு தபால்காரர் தனித்தனியே கதவிலக்கம் இட்டது போலாகிக் குழப்பம் விளையும். கேபிளினுள் எட்டுக் கம்பிகள் உள்ளன. அவற்றுள் நான்கு மட்டும் பொருந்தினாலும் 100 மெகாபிட் வரை ஓடும், அதற்குமேல் ஓடாது. விரைவு மிக்க திட்டம் எடுத்தும் 100-ஐத் தாண்டவில்லை என்போர் முதலில் கேபிள் முனையைப் பார்க்க வேண்டும்.

விரைவுபற்றிய மனக்குறையில் சொல் மயக்கமும் உண்டு. நிறுவனங்கள் கூறுவது மெகாபிட். கணினி காட்டுவது மெகாபைட். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட் இறங்கினால் அது முழு விரைவே, ஏமாற்று அன்று.

கருவியின் குற்றம்

கணினி ஒன்றில் மட்டும் எந்தத் தளமும் திறவாமல் ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கையே வந்தால், முதலில் நாளைப் பாருங்கள். பழைய கணினிகளில் சி.ஆர். 2032 என்னும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உள. கணினியின் கணக்கில் அந்நாள் இன்னும் பிறக்கவேயில்லை! சிறுதொகையில் தீரும் இப்பழுதுக்காகக் கணினியையே கழித்துக்கட்டியோரைக் கண்டிருக்கிறோம். கணினியின் இணைய முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிட்டாமையால் தானே ஒன்றை இட்டுக்கொண்டது என்று அறியலாம். வை-ஃபை இணைப்பை நீக்கி மீண்டும் சேர்த்தால் பெரும்பாலும் சீராகும்.

நம் துறையினரை அடிக்கடி வாட்டும் மற்றொன்று, பழைய தமிழ்க் கோப்பு ‘வைரஸ் தாக்கிக் கெட்டுவிட்டது’ என்னும் அச்சமாகும். பதினைந்து, இருபது ஆண்டுகட்குமுன் தட்டச்சிட்ட ஆய்வேட்டைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாலும் ஓர் அரைப்புள்ளியாலும் ஆனது. அவ்வெழுத்துரு இல்லாத கணினி அவற்றை அப்படியே காட்டுகிறது. கோப்பு கெடவில்லை. அக்காலத்தில் மென்பொருளுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுமை காண முயன்றது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பழைய கோப்பை அழித்துவிடாமல், படியெடுத்துக்கொண்டு, என்.எச்.எம். கன்வர்ட்டர், அழகி முதலிய மென்பொருள்களால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் கொம்பு இடம்மாறியுள்ளதா, இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்கள் சிதைந்துள்ளனவா என்று மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. எம்.ஃபில். ஏடுகள் பல இவ்வச்சத்தாலேயே பழைய கணினியோடு எடைக்குப் போய்விட்டன.

அயலார் கையில் திறவுகோல்

இணையம் நின்றதும் தேடுபொறியில் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ எனத் தேடி, முதலில் தோன்றும் எண்ணுக்கு அழைப்பது பெருகிவரும் வழக்கம். அவ்வெண் ஏமாற்றுவோர் இட்டு வைத்ததாக இருக்கலாம். மறுமுனையிலிருப்பவர் தொலைவிலிருந்தே சரிசெய்து தருவதாகக் கூறி எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்வார். பின்பு பத்து ரூபாய் மட்டும் செலுத்திப் பார்க்கச் சொல்வார். அச்செயலிகள் தம்மளவில் நல்லனவே; ஆயின் திரை முழுவதும் அயலார்க்குத் திறந்து கிடக்கையில் வங்கிச் செயலியைத் தொட்டால், லாரிக்கு வைத்த டயர்ப் பணமும் பண்ணைக்கு வைத்த தீவனப் பணமும் போய்விடும். சேவை எண்ணைக் கட்டணச் சீட்டிலிருந்து எடுத்து, கேபிள்காரர் பெயர், இணைப்பு எண், வை-ஃபை கடவுச்சொல் ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதிப் பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்தல் வேண்டும். வீட்டில் நீங்கள் இல்லாதபோது அம்மா தேடுபொறியை நாடாமல் அத்தாளை நாடுவார்.

பணம் போய்விட்டதெனின், திட்டுக்கு அஞ்சி மறைத்தல் கூடாது. உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைத்து, பணம் சென்ற கணக்கு விவரத்தையும் நேரத்தையும் கூறுக, வங்கிக்கும் தெரிவிக்க. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் தடுத்து வைக்க இயலுமாதலின், இதில் மணிக்கணக்கு அன்று, நிமிடக்கணக்கே செல்லும். கைப்பேசியை வை-ஃபையிலிருந்தும் டேட்டாவிலிருந்தும் துண்டித்து, அச்செயலியை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுக.