குனிந்து பார்த்து வாங்கு

போர்ட் அகஸ்டா

அன்புள்ள அம்மிணி யாழினிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் கண்காட்சியில் பார்த்து ஆசைப்பட்ட கேம்பர் டிரெய்லரின் படங்களை எல்லாம் பார்த்தேன். இழுத்தால் வெளியே வரும் அடுப்படி, முன்பக்கம் மடிந்து விரியும் படுக்கை, வரிசையாக விளக்குகள், பக்கவாட்டில் பந்தல். ஒன்றில்கூட அச்சு இல்லை, ஸ்பிரிங் இல்லை, சேஸி இல்லை. விற்கிறவர்கள் எதைக் காட்ட நினைத்தார்களோ அதை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். அடுத்த முறை போகும்போது பழைய துணி உடுத்திக்கொண்டு போ. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஜூலையில் ஊட்னடாட்டா தடம், பிறகொரு வருடம் கிம்பர்லியில் கிப் ரிவர் ரோடு என்று எழுதியிருக்கிறாய். நல்ல ஆசை. பிள்ளைக்கு அந்த வானத்தைக் காட்டத்தான் வேண்டும். ஊட்னடாட்டா தடம் மாரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் மண்ணும் சரளையும்தான். ஊட்னடாட்டா ஊர் வரை பழைய கான் ரயில் ஓடிய வழியை ஒட்டியே போகும். கிப் ரிவர் ரோடு அதைவிடக் கொஞ்சம் நீளம். இந்தப் பாதைகளில் டிரெய்லரைக் கொல்வது பள்ளமோ ஆறோ அல்ல. சக்கரங்கள் ஓடி ஓடி மண் வரிவரியாக எழும்பி நிற்குமே, காருகேஷன் என்பார்கள், அதுதான். மணிக்கணக்கில் விடாத நடுக்கம். அந்த நடுக்கத்தில் போல்ட் கழலும், வெல்டிங் விரியும், ஷாக் அப்சார்பர் கொதித்து எண்ணெய் கக்கும்.

வடக்கே டார்வினுக்கும் மேற்கே பெர்த்துக்கும் சாலை பிரிகிற ஊர் இது. உள்நாட்டில் உடைந்தவற்றில் பல இங்குள்ள பட்டறைகளுக்குத்தான் வந்து சேரும். நான் பற்றவைத்துக் கொடுத்த டிரெய்லர்களில் அடுப்படிக் கோளாறுக்காக வந்தது அபூர்வம். வந்ததெல்லாம் விரிசல் விட்ட டிராபார் (வண்டியை இழுக்கும் முன்சட்டம்), பிய்ந்த ஸ்பிரிங் தாங்கி, பேரிங் எரிந்து கழன்ற சக்கரம். இவற்றில் பாதி, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதால் வந்த வினை. அதனால் முதலில் எடையைப் பேசிவிடுகிறேன்.

டிரெய்லரில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். அதில் ஏ.டி.எம். என்று இருப்பது சாமான்கள் எல்லாம் ஏற்றிய பிறகு வண்டி தாண்டக் கூடாத மொத்த எடை. டேர் என்பது காலி வண்டியின் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீ ஏற்றக்கூடிய பாரம். நீ பார்த்த வண்டிக்கு ஏ.டி.எம். 2,000 கிலோ, டேர் 1,480 என்று எழுதியிருக்கிறாய். ஆக உனக்குக் கிடைப்பது 520 கிலோ. ஏராளம் என்று தோன்றும். தண்ணீர்த் தொட்டி 200 லிட்டர் என்றால் 200 கிலோ போயிற்று. டீசல் ஜெரிகேன் இரண்டு, 40. கேஸ் சிலிண்டர் இரண்டு, 35. பந்தலும் அதன் கம்பிகளும் 35. குளிர்பெட்டி உணவோடு சேர்த்து 45. கருவிகளும் புதைந்தால் மீட்கும் சாமான்களும் 40. இரண்டாவது ஸ்டெப்னி 35. படுக்கையும் துணிமணியும் 40. மேசை நாற்காலி 25. கூட்டினால் 495. மிச்சம் 25 கிலோ. அரிசி, பருப்பு, பாத்திரம், பிள்ளையின் சைக்கிள், நீ வைக்கச் சொல்லும் கூடுதல் பேட்டரி எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. விற்பனைத் தாளில் போட்டிருக்கும் டேர், கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கும் எதையும் சேர்க்காத எடையாகவும் இருக்கலாம். தகட்டு எடையைத் தாண்டினால் காவல்துறை நிறுத்தும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு.

டிரெய்லரை இழுக்கும் உன் யூட்டின் கணக்கு தனி. 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் இருப்பதை நம்பி நிம்மதியாக இருக்காதே. யூட்டுக்கும் ஏ.டி.எம். போல ஒரு உச்ச எடை உண்டு, ஜி.வி.எம். என்பார்கள். யூட்டும் டிரெய்லரும் சேர்ந்து தாண்டக் கூடாதது ஜி.சி.எம். டிரெய்லர் தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உன் யூட்டின் கொக்கி மேல் வைக்கும். 2,000 கிலோ வண்டி என்றால் 200 கிலோ. அந்த 200 கிலோவும் யூட்டின் கணக்கில்தான் ஏறும். முன்னால் புல்பார், பின்னால் கேனோபி, உள்ளே மூன்று பேர், டேங்க் நிறைய டீசல் என்று ஆன பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று மாப்பிள்ளையைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்.

அந்தப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டாலும் ஆபத்துதான். ஊரில் மாட்டு வண்டியில் பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும், வண்டி பிடியில் நிற்காது, உங்கள் தாத்தா இறக்கி வைத்து மறுபடி ஏற்றச் சொல்வார். டிரெய்லரிலும் பின்பாரம் ஏறினால் நெடுஞ்சாலை வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். ஆடத் தொடங்கிய டிரெய்லர் இழுக்கிற வண்டியையும் புரட்டிவிடும். அதனால் கனமானவற்றை அச்சுக்கு மேலாகவோ சற்று முன்னாலோ, தாழ்வாக வை. பின்பக்கச் சட்டத்தில் இரண்டு ஸ்டெப்னியும் சைக்கிள்களும் தொங்கவிட்ட படங்களைப் பார்த்து மயங்காதே.

இனி அடிப்பாகம். பட்டை ஸ்பிரிங் வைத்த ஒற்றை அச்சா, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் காயில் ஸ்பிரிங்கா என்று கேட்டிருந்தாய். தனித்தனியாக இயங்குவது மெத்தென்று போகும், வண்டிக்குள் இருக்கும் சாமான் குலுங்காது. ஆனால் அதன் கைகள், புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாமே நல்ல தரமாக இருந்தால்தான் அந்தச் சுகம். விலையைக் குறைக்க ஒப்புக்குப் பொருத்தியவை, ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடத்திலேயே பிய்ந்து வரும். பட்டை ஸ்பிரிங் முரட்டுத்தனமானது. ஆனால் ஒரு பட்டை உடைந்தாலும் கட்டுப்போட்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம், அதை மாற்றத் தெரிந்தவர் எந்தச் சின்ன ஊரிலும் இருப்பார். உன் பணத்துக்கு, நல்ல பட்டை ஸ்பிரிங் வைத்த வண்டி, மட்டமான காயில் ஸ்பிரிங் வைத்த வண்டியைவிட மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பேரிங் எந்த அளவு என்று கட்டாயம் கேள். இங்கே வழக்கத்தில் உள்ள ஹோல்டன், ஃபோர்டு அளவுகள் என்றால் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். விற்பவருக்கே அளவு தெரியாவிட்டால் அந்த வண்டியை விட்டு நகர்ந்துவிடு. ஒரு ஜோடி பேரிங், சீல், கிரீஸ் எப்போதும் உன்னிடம் இருக்கட்டும். நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஹப்பில் புறங்கையை வைத்துப் பார். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அடுத்த கிலோமீட்டரை ஓட்டாதே. முடிந்தால் டிரெய்லரின் சக்கரமும் யூட்டின் சக்கரமும் ஒரே போல்ட் அமைப்பில் இருக்கும்படி பார்த்து வாங்கு. அப்போது ஸ்டெப்னிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், இரண்டாவது ஸ்டெப்னியின் பாரமும் மிச்சமாகும்.

கொக்கியில் சாதாரண 50 மில்லிமீட்டர் குண்டு நெடுஞ்சாலைக்குப் போதும். ஓடை இறங்கி ஏறும்போது யூட் ஒரு பக்கம் சாய, டிரெய்லர் மறுபக்கம் சாயும். குண்டு அந்த அளவுக்குத் திரும்பாது. ட்ரெக், மெக்ஹிட்ச், டி.ஓ.35 போன்ற இணைப்புகள் இதற்காகவே செய்தவை. பிரேக்கைப் பொறுத்தவரை சட்டமே தெளிவாக இருக்கிறது. அச்சு தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும், டிரெய்லர் அறுத்துக்கொண்டு போனால் தானே பிடிக்கும் அமைப்பும் வேண்டும். 2021 ஜூலையிலிருந்து புது டிரெய்லர்கள் மத்திய அரசின் அங்கீகாரப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். அதையும் சரிபார்.

கூடாரக் கித்தான் நல்ல கனத்தில் இருக்கிறதா, ஜிப் தடிமனாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வாங்கியதும் வீட்டு முற்றத்தில் விரித்து, குழாயால் நனைத்து, முழுக்கக் காயவிடு. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நூல் ஊறிப் பருத்து ஊசித் துளைகள் அடைபடும். மழையில் மடித்துக் கொண்டுவந்தால் வீடு சேர்ந்த உடனே விரித்துக் காயவை. பூஞ்சை பிடித்த கித்தானை மீட்க முடியாது.

மாற்றங்கள் செய்வதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். வாங்கிய முதல் ஆண்டு எதையும் சேர்க்காதே. ஃபிளிண்டர்ஸ் மலைக்கு இரண்டு முறை போய் வா. எது கைக்கு எட்டவில்லை, எதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்று அப்போது தெரியும். திறக்காததை இறக்கிவிடு. அதற்குப் பிறகு சேர்ப்பதென்றால் என் வரிசை இது. முதலில் டிரெய்லரின் முன்னால் கல் தடுப்பு. யூட்டின் டயர் வாரியடிக்கும் கல் டிரெய்லரின் முகத்தில் பட்டுத் திரும்பி வந்து யூட்டின் பின் கண்ணாடியை உடைக்கும். பலகையாக இல்லாமல் கல்லின் வேகத்தைத் தணிக்கும் வலை போன்றது நல்லது. அடுத்து தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் அடியில் கவசம். தொட்டி உடைந்தால் அந்த வனாந்தரத்தில் உயிருக்கே சிக்கல் என்பதால் தண்ணீரைத் தொட்டியில் மட்டும் நம்பாமல் இரண்டு கேன்களிலும் பிரித்து வை. பிறகு கதவு, பெட்டிகளின் ரப்பர். இங்குள்ள செம்மண் தூசி கோதுமை மாவைவிட நைசு.

அதற்குப் பிறகுதான் மின்சாரம். 100 ஆம்பியர்-மணி (ஏ.ஹெச்.) லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 12 கிலோ, அதே அளவு ஏ.ஜி.எம். ஈய பேட்டரி 30 கிலோவுக்குப் பக்கம், அதிலும் பாதியைத்தான் பயமில்லாமல் எடுக்க முடியும். விலை கூடினாலும் லித்தியமே எடுத்துக்கொள், எடை மிச்சம். நடுத்தரக் குளிர்பெட்டி நாளுக்கு 30, 40 ஏ.ஹெச். தின்னும். 200 வாட் சோலார் தகடு ஒன்று, வெயில் அடிக்கும் குளிர்கால நாளில்கூட அதை ஈடுகட்டிவிடும். யூட்டிலிருந்து வரும் கம்பி தடிமனாக இருக்கட்டும். இப்போதைய ஆல்டர்னேட்டர்கள் தாமே மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்வதால் டிசி-டிசி சார்ஜர் அவசியம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். 240 வோல்ட் வேலையையும் கேஸ் வேலையையும் உரிமம் பெற்றவர்களிடமே விடு, மாப்பிள்ளை எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும்.

ஒரு வெல்டராக இதை அழுத்திச் சொல்கிறேன். டிராபாரில் பெட்டி மாட்டவோ சைக்கிள் தாங்கி வைக்கவோ அதன் மேல்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் துளை போடாதே, குறுக்கே வெல்டிங் வைக்கவும் விடாதே. வளையும்போது வரும் இழுவிசையையும் அழுத்தத்தையும் பெரும்பாலும் தாங்குவது அந்த இரண்டு பக்கங்கள்தான். குறுக்கு வெல்டிங்கின் ஓரத்தில்தான் விரிசல் பிறக்கும். பெயின்டுக்கு அடியில் மயிரிழையாக இருக்கும், ஒரு நாள் தடத்தின் நடுவே இரண்டாகும். பிடிமானம் வேண்டுமானால் யு-போல்ட் போட்டு இறுக்கு. துத்தநாக முலாம் பூசிய சேஸியில் பற்றவைத்தால் முலாம் எரிந்து அங்கே துரு ஏறும், அந்தப் புகை சுவாசிப்பவருக்கும் கெடுதல்.

உங்கள் மூவருக்கு அந்த 1,480 கிலோ வண்டி வேண்டாம் என்பதே என் முடிவு. ஆயிரம் கிலோவுக்குள் டேர் இருக்கும், பின்பக்கமாக விரியும், நல்ல கையில் இருந்த பழைய வண்டி ஒன்றைத் தேடு. விரித்துக் கட்டக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவே. பழையதில் டிராபார் உடலோடு சேரும் இடத்தையும் ஸ்பிரிங் தாங்கிகளையும் விரலால் தடவிப் பார். கடற்கரை மணலில் அதிகம் ஓடியதா என்று கேள், உப்பு உள்ளுக்குள்ளிருந்து அரிக்கும். தடத்தில் இறங்கியதும் யூட்டின் டயரில் மட்டுமல்ல, டிரெய்லரின் டயரிலும் காற்றைக் குறை, வேகத்தையும் குறை. மழை பெய்து தடத்தை மூடியிருந்தால் மாரீயிலேயே தங்கிவிடு. மூடிய பாதையில் ஓட்டினால் அபராதம் பெரிது.

எந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தாலும் அதை எடை மேடையில் ஏற்றிக் காட்டச் சொல். காலி எடைச்சீட்டு உன் கைக்கு வரும்வரை முன்பணம் கட்டாதே, அம்மிணி. அவர்கள் எடை போட மறுத்தால், அந்த வண்டி உனக்கு வேண்டாம்.

அன்புடன்,
சித்தப்பா