முப்பத்தாறு ஆண்டு இளைய பாட்டி

தலையெழுத்தை யாராலும் மாற்ற முடியாது என்று பெரியோர் சொல்வர். ஆனால் இரண்டே எண்கள் இடம் மாறியதால் என் பாட்டியின் வயது முப்பத்தாறு ஆண்டு குறைந்துபோனது! 1948இல் பிறந்தவர், ஒரு பட்டியலில் 1984இல் பிறந்தவராகிவிட்டார். அதன்படி என் அப்பாவைவிடப் பாட்டி இளையவர். நாங்கள் சிரித்தோம், பாட்டி சிரிக்கவில்லை. முதியோர் உதவித்தொகைக்காக அவர் பல மாதங்கள் பேருந்து ஏறி இறங்க வேண்டியிருந்தது.

நெல்லியாளத்தில் எங்களைப் போன்ற குடும்பங்கள் பல. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்க முன்வந்தது. அவ்வாறு வந்தோருக்கு வேலை தர, 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ ஆயிற்று. பாட்டி 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கு வந்தவர். அன்று கையால் எழுதப்பட்ட விவரங்கள் இன்று கணிப்பொறியில் ஏறுகின்றன. ஆகவே, பதிவு செய்யும் முறையை நாம் கற்பது அவசியமன்றோ?

விவரங்களை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறையை எட்கர் காட் என்னும் அறிஞர் 1970இல் வெளியிட்டார். 1992இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஆக்சஸ் அம்முறையை மேசைக் கணிப்பொறிக்கு எளிதாக்கியது. அதில் அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு புலம். ஒவ்வொரு கிடைவரிசையும் ஒரு பதிவு. பெயர், பிறந்த தேதி, ஊர் என்பன புலங்கள். பாட்டியைப் பற்றிய முழு வரி ஒரு பதிவு.

தோழியரே, இனிப் புதிய பதிவைச் சேர்க்கும் முறையைக் காண்போம்.

1. அட்டவணையைத் திறந்ததும், கடைசியில் நட்சத்திரக் குறியுடன் ஒரு வெற்று வரி தெரியும். அங்கே தட்டச்சு செய்யத் தொடங்குக.

2. ஒரு புலம் முடிந்ததும் டேப் விசையை அழுத்தி அடுத்த புலத்திற்குச் செல்க. எழுதும்போது வரியின் ஓரத்தில் பென்சில் குறி தோன்றும்.

3. அடுத்த வரிக்குச் சென்றவுடன் பென்சில் மறையும். பதிவு தானே சேமிக்கப்பட்டுவிடும். எனவே வரியை விட்டு நகருமுன் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பிழை கண்டால் எஸ்கேப் விசையால் அப்போதே விலக்கலாம்.

4. ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுதுக. '25' என்றால் 1925ஐ 2025 என்று இயந்திரம் எண்ணிவிடும்.

5. ஒரே பெயரில் பலர் இருப்பர். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனி எண் தருக. இதுவே முதன்மைத் திறவுகோல்.

6. பதிவை நீக்கும்போது நிதானம் தேவை. 'ஆம்' என்று உறுதி செய்த பின் அதை மீட்க இயலாது.

இவற்றிலும் சிறந்தது சரிபார்ப்பு விதி. பிறந்த தேதி, இந்தியா வந்த தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்று அட்டவணைக்கு முன்பே சொல்லி வைக்கலாம். அவ்விதி இருந்திருந்தால், 1974இல் வந்தவர் 1984இல் பிறந்ததாக எழுதியதைக் கணிப்பொறி ஏற்றிருக்காது. ஆனால் 1948ஐ 1949 என்று எழுதினால் அதுவும் ஏமாந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க, மூலத் தாளை அருகில் வைத்து ஒப்பிடும் மனிதக் கண்தான் வேண்டும்.

பாட்டியின் பழைய குடும்ப அட்டையே கடைசியில் அவருக்குச் சாட்சி சொல்லியது. மடிப்பு கிழிந்த அத்தாளை அவர் இன்றும் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். எங்கள் கணிப்பொறி வகுப்பில் பயிற்சிக்காக ஓர் அட்டவணை அமைத்தபோது, நான் முதலில் சேர்த்தது பாட்டியின் பதிவைத்தான். 1, 9, 4, 8 என்று ஒவ்வோர் எண்ணாக அழுத்தி, இருமுறை படித்த பின்னரே அடுத்த வரிக்குச் சென்றேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு