வீட்டைக் கடன் கேட்ட மருமகனுக்கு

செம்பூர், மும்பை
12 நவம்பர் 2025

அன்புள்ள மருமகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்கு, "யோசிச்சுச் சொல்றேன்யா" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று நாள் யோசித்தாயிற்று. வீடு தர மாட்டேன்.

ஜனவரியில் நீ கனடாவிலிருந்து வரும்போது, நீ கட்டிக்கொள்ள நினைக்கும் அந்தப் பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் மாட்டுங்காவிலிருந்து வீடு பார்க்க வருவார்கள், அந்த ஒரு நாள் மட்டும் என் செம்பூர் வீட்டை உங்கள் வீடென்று காட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாய். லிஃப்ட் இருக்கிறது, சேடா நகர் முருகன் கோயிலுக்கு நடந்தே போகலாம், அவர்களுக்கும் பிடிக்கும் என்றாய். "தாராவின்னு அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம் அத்தை" என்றாய். அந்த "அப்புறமா" எத்தனை வருடம் நீளும் என்பது எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கும் தெரியும். அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்கிறேன்.

1982-ல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, வந்தவர்கள் நம் சாதிக்காரர்கள்தான். தூத்துக்குடிப் பக்கம். மாப்பிள்ளைக்குச் செம்பூரில் கம்பெனி வேலை, கம்பெனி குவார்ட்டர்ஸ். பொண்ணு வீடு தாராவி என்று தெரிந்தால் திரும்பிப் போய்விடுவார்கள் என்று தரகர் சொன்னார். என் அப்பா, உன் தாத்தா, தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கை வெந்துபோனவர். யாரிடமும் கடன் கேட்காத மனிதர் அன்றைக்கு ஒரு வீட்டைக் கடன் கேட்டார். சயானில் தெரிந்தவர் ஒருவரின் இரண்டாம் மாடி வீடு. காலையிலேயே போய்விட்டோம். அந்த வீட்டுக்காரர்களின் கல்யாணப் போட்டோக்களைச் சுவரிலிருந்து கழற்றி கட்டிலுக்கடியில் வைத்தது உன் அப்பா. அவனுக்குப் பதினைந்து வயது. போட்டோக்களைக் கழற்ற முடிந்தது, ஆணிகளைப் பிடுங்க முடியவில்லை. வெறும் ஆணிகள் சுவரில் வரிசையாக நின்றன.

மாப்பிள்ளையின் சித்தி குடிக்கத் தண்ணீர் கேட்டார். என் அம்மா எழுந்து போய் ஒரு அலமாரியைத் திறந்தாள். அதில் துணி இருந்தது. அடுத்ததைத் திறந்தாள். அதில் மருந்து பாட்டில்கள். தன் வீட்டில் டம்ளர் எங்கே இருக்கிறதென்று தெரியாத பெண்ணாக அவள் அந்த அறையில் எல்லார் முன்னாலும் நின்றாள். உன் ஆச்சி கூனிப்போய் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கல்யாணம் நடந்தது. அப்பா அம்மா ஊரோடு போய்விட்டார்கள் என்று சொல்லிச் சமாளித்தோம். அதனால் தலைப்பிரசவத்துக்கு எனக்குத் தாய்வீடு இல்லை. சயான் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றேன், மற்றவர்களைப் போல ஆச்சியும் பார்வையாளர் நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனாள். மாதம் ஒருமுறை சயான் ஸ்டேஷன் பெஞ்சில் சந்திப்போம். கருவாடும் முறுக்கும் பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவாள். பேத்தியைப் பத்து நிமிஷம் மடியில் வைத்திருந்துவிட்டு, அடுத்த வண்டியில் என்னை ஏற்றிவிடுவாள். தாராவியிலிருந்து செம்பூர் எத்தனை தூரம்? அந்தத் தூரத்தைக் கடக்க எங்களுக்கு ஒன்பது வருடம் ஆனது.

1991-ல் அப்பா இறந்தபோதுதான் வேறு வழியில்லாமல் உன் மாமாவிடம் சொன்னேன். மாமியார் சந்து முனை வரை வந்தார், உள்ளே வராமல் திரும்பிவிட்டார். மாமா வந்தார். பாடை கட்டும்போது கூட நின்றார், தோள் கொடுத்தார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்கம்மாவுக்குப் பயந்து மறைச்ச, சரி. எங்கிட்ட ஏன் மறைச்ச?" இன்றைக்கு வரை அதற்கு என்னிடம் பதிலில்லை. அவர் நல்லவராக இருப்பதற்கு நான் ஒன்பது வருடம் இடமே கொடுக்கவில்லை, ராசா. அவர் எப்படிப்பட்டவர் என்று அவரைக் கேட்காமலே நானாக முடிவு செய்திருந்தேன்.

நீ அந்தப் பிள்ளையிடம் எதையும் மறைக்கவில்லை என்று சொன்னாய். எனக்குப் பெரிய ஆறுதல் அது. ஆனால் இந்தச் செம்பூர் யோசனையே அவளுடையது என்றும் சொன்னாய். அவள் பயத்தை நான் தப்பாக எடுக்கவில்லை. ஐயர் வீட்டில் ஒரே பெண், அப்பாவுக்கு மூட்டுவலி, அம்மா ஆஸ்திக சமாஜக் கோயிலுக்குப் போகாத நாள் கிடையாது. வீட்டுக்குள் இடி விழாமல் பார்த்துக்கொள்ள நினைக்கிறாள். ஆனாலும் அவளிடம் நீ கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "உங்க அப்பாவுக்கு நீ பயப்படுறியா, இல்ல எங்க வீட்டப் பாத்து உனக்கே கூச்சமா இருக்கா?" கோபமாகக் கேட்காதே. ராத்திரி சாப்பிட்டு முடித்து அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது கேள். இரண்டாவதுதான் என்றாலும் அவள் கெட்டவள் இல்லை. அதை அவள் வாயால் சொல்லிவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதற்கு ஏதாவது செய்ய முடியும்.

நினைத்துப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. நம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் சென்ட்ரல் ரயில் தண்டவாளம்தான். அந்தப் பக்கம் கிங்ஸ் சர்க்கிள், சண்முகானந்தா சபா, 1932-ல் அவர்கள் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளிக்கூடம், காபிப்பொடி வாசம். இந்தப் பக்கம் 90 அடி ரோட்டுப் பிள்ளையார் கோயில், ஆதிதிராவிட மகாஜன சங்கம், தோல் கிடங்கு, விடிகாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பும் இட்லிக்காரர்கள். இரண்டு பக்கமும் தமிழ்தான். நாம் அந்தப் பக்கம் போனது பெரும்பாலும் வேலைக்கு. 1966-ல் சிவசேனை வந்து, மதராசிகள் வெளியே போகட்டும் என்று கிளம்பியபோது, அடித்தவர்கள் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. அப்படியிருந்தும் நாம் ஒன்றாகவில்லை. நீங்கள் இரண்டு பேரும் இருபத்தைந்து வருடம் ஒரே மழையில் நனைந்துவிட்டு, முதல் வார்த்தை பேசிக்கொள்ள ஸ்கார்பரோ வரை போக வேண்டியிருந்தது.

அங்கே இருவரும் "பாம்பேத் தமிழர்" என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவதால் எல்லாம் கரைந்துவிட்டது என்று நம்பாதே. பரேலில் சால் வீட்டில் வாழ்ந்த அம்பேத்கர், 25 வயதில், 1916 மே மாதம் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். சாதியின் உயிர் இருக்குமிடம் அகமணம், சொந்தச் சாதிக்குள்ளேயே கட்டிக்கொள்வது என்று அதில் காட்டினார். இந்துக்கள் வேறு தேசங்களுக்குக் குடியேறினால் சாதியும் உலகத்தின் பிரச்சினையாகும் என்ற கருத்தையும் அதில் எடுத்துச் சொல்லியிருந்தார். நீ இருக்கும் டொராண்டோவில்தான் 2023 மார்ச்சில் பள்ளி வாரியம், சாதிப் பாகுபாட்டைப் பற்றி ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் உதவியைக் கேட்க முடிவு செய்தது. நூறு வருடம் கழிந்தும் அந்தக் கட்டுரை பழசாகவில்லை. அந்த மனிதர் பின்னாளில் வீடு கட்டிக் குடியேறியது தாதர் இந்து காலனியில், அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில். ஒரு நாள் அவளை அந்த வீட்டுக்கு, ராஜகிருகத்துக்கு, அழைத்துப் போ. அவளுடைய ஊரும் அதுதானே.

இனி உன் அப்பா விஷயம். அவன் பிடிவாதம் பிடிக்கிறான், திருநெல்வேலியில் பெண் பார்க்கிறேன் என்கிறான், "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறான் என்று குறைபட்டாய். சாதிப் பெருமை அவனுக்கு எங்கிருந்து வரும்? இந்த வருடம் ஜூலையில் பாளையங்கோட்டையில் நம் சனத்துப் பையன் ஒருவனை, ஐடி வேலை பார்த்தவன், 27 வயது, வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காக வெட்டிக் கொன்றார்கள். அந்தச் செய்தி டிவியில் ஓடிய அன்று ராத்திரி உன் அப்பா என்னைக் கூப்பிட்டான். ஒன்றும் பேசவில்லை. "அக்கா, அவன் கனடாவுலயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். அவன் உன்னைத் தடுப்பதாக நீ நினைக்கிறாய். அவன் நடுங்குகிறான். மாட்டுங்கா பாளையங்கோட்டை இல்லை என்று நீ வாதாடினால் அவன் நடுக்கம் அடங்காது. ஜனவரியில் வந்ததும் ஒரு நாள் அவனோடு மாஹிம் பக்கம் டீ குடிக்கப் போ. முதலில் அவன் பேசட்டும்.

டொராண்டோ சிட்டி ஹாலில் பதிவு செய்துவிட்டு வந்து சொல்வதா என்றும் யோசிக்கிறீர்கள். சட்டப்படி அதில் குற்றமில்லை. இங்கே செய்வதானால் இதைத் தெரிந்துகொள். சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்ய, உங்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்த பிறகுதான் நோட்டீஸ் கொடுக்க முடியும், கொடுத்த பின் இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். உன் மூன்று வார லீவுக்குள் அடங்காது. நீங்கள் இருவரும் இந்துக்கள் என்பதால் 1955-ஆம் வருட இந்துத் திருமணச் சட்டமே போதும். சாதி வேறானால் அதற்குத் தடையில்லை. சடங்கு முடித்து, மாநகராட்சி வார்டு ஆபீஸில் பதிவு செய்துகொள்ளலாம். மூன்று சாட்சி வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையது. அவள் வீட்டார் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. எந்த ஊரில் செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். என் ஒன்பது வருடம் உனக்கு வேண்டாம்.

அவர்கள் திரும்பிப் போய்விட்டால்? போகலாம். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், என் மாமியார் போனார். போனால் நம் வாசலைப் பார்த்துவிட்டு, நம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அந்தக் கணக்கு அவர்களுடையது. போகாமல் உட்கார்ந்தால், அப்போது கிடைக்கும் சம்பந்தம் உறுதியானது.

இன்னொன்று. போன வருடம் மார்ச்சில் தாராவிப் புதுத் திட்டத்துக்குக் கணக்கெடுப்புத் தொடங்கியதிலிருந்து ஆச்சி தன் தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். 1976 குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த போட்டோ பாஸ் அதில் இருக்கிறது. தாத்தாவும் அவளும் நிற்கும் அந்தச் சின்னப் போட்டோ. 2000-க்கு முன்னால் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத்தான் அங்கேயே வீடு என்கிறார்கள், ஏணி ஏறிப் போகும் உங்கள் மாடி அறைக்கு வேறு கணக்காம். அங்கே நீ பி.ஆர். கார்டைப் பத்திரமாக வைத்திருப்பதுபோல், அறுபது வருடம் வாழ்ந்த இடத்தில் அவள் இதை வைத்திருக்கிறாள். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டி, "நாங்க இங்கதான் இருக்கோம்" என்று சொல்வதற்கு. அப்படிப்பட்டவளைச் செம்பூருக்குக் கூட்டி வந்து, என் அலமாரியில் டம்ளர் தேட விடச் சொல்கிறாயா?

பொங்கலன்று அவர்களைக் கூட்டி வராதே. அன்றைக்கு 90 அடி ரோடு முழுக்கக் கோலமும் பானையுமாக நம் இடம் அழகாக இருக்கும், பார்த்தவர்கள் மயங்கிவிடுவார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை கூட்டி வா. சந்தில் தண்ணீர் டிரம்கள் நிற்கட்டும், பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் ஓடட்டும், மோரியில் பாத்திரம் கிடக்கட்டும். நீ படித்த இடம் அது என்று தரையைக் காட்டு.

ஆச்சியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயரு வீட்டாளுக வாராக, அவுகளுக்குன்னு புதுப் பாத்திரம் வாங்கணுமா?" என்று கேட்டாள். வாங்கு என்றேன். சைவம் சாப்பிடுகிற விருந்தாளிக்குத் தனியாகச் சமைப்பது மரியாதைதான். ஆனால் அடுப்புக்கு மேலே தொங்கும் கருவாட்டுப் பையை எடுத்து மறைக்கக் கூடாது என்றும் சொன்னேன். சரி என்றாள். டம்ளர் மட்டும் முன்னாலேயே எடுத்துக் கழுவி வைத்துவிடுவாளாம்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு மூட்டுவலி என்றாயே, மாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் மூன்றாவது படி ஆடுகிறது. வெல்டிங்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். கைப்பிடிக்கும் ஒரு கம்பி வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை